பகலில் உறங்குகிறவர்களின் தெரு

யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பாடுகிற பாட்டு யாருக்காக? மந்தாரக்குப்பத்தில் கீரை விற்கும் பெரியநாயகி ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்ட கேள்வி இது. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. எங்களுக்கு எதிரே முந்திரி மரத்தடியில் ஞானாபரணத்தம்மாள் ஒரு கைக்குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். உதடுகள் பாட்டின் ஒவ்வொரு அடியையும் பாடின. தலை தாளத்துக்கு அசைந்தது. புருவம்கூட மேல் ஸ்தாயிக்கு ஏறி இறங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"இன்னா பாட்டுங்க அது?" என்றார் பெரியநாயகி.

அம்மாள் விரலை உதட்டில் வைத்தார். "மெள்ளப் பேசுங்க. மூணாவது வீட்டுல நைட் ஷிப்ட்."

ஞானாபரணத்தம்மாளுக்கு வயது நாற்பத்தாறு. நெட்டையான உடம்பு, தடித்த கண்ணாடி, எந்த வெயிலிலும் மடிப்புக் கலையாத வெள்ளைப் பருத்திச் சேலை. திருநெல்வேலிச் சீமையில் சாயர்புரம் பக்கத்துக்காரர். நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். கணவர் மாசிலாமணி சுரங்கத்து ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறார். அவருக்கு ஜெனரல் ஷிப்ட். காலையில் சைக்கிளில் போய் மாலையில் சைக்கிளில் திரும்புகிறவர். அவர் தெருமுனை திரும்பியதும் அம்மாள் வீட்டைப் பூட்டுவார்; குடையை விரித்துக்கொண்டு மந்தாரக்குப்பத்துக்கு நடப்பார். அங்கே முந்திரித் தோப்பை ஒட்டி இருபத்திரண்டு குடிசைகள் வரிசையாக இருக்கின்றன. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்கள் வாடகைக்கு இருக்கும் குடிசைகள்.

எந்த வீட்டில் யார் உறங்குகிறார்கள் என்று அவர் யாரையும் கேட்பதில்லை. சைக்கிள் உள்ளே ஏற்றி வைத்திருந்து, தூக்குச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்து, மண் நிறச் சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தால், அந்த வீட்டு ஆண் இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் படுத்திருக்கிறார். அந்த வீட்டுப் படலை அம்மாள் இழுத்துத் திறக்க மாட்டார். இரண்டு கைகளாலும் தூக்கி, நகர்த்தி வைப்பார். உள்ளே குழந்தை சிணுங்கினால், பசியா வயிற்று வலியா என்றுகூடப் பார்க்காமல் முதலில் வாரி எடுத்துக்கொண்டு தோப்புக்கு வந்துவிடுவார். மற்ற விசாரணையெல்லாம் மரத்தடியில்தான்.

மரத்தடியில் பதினான்கு குழந்தைகள். தாழ்ந்த கிளைகளில் மூன்று தூளிகள். ஓடத் தெரிந்த பிள்ளைகளுக்கு அவர் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். என்னென்ன கேட்கிறது என்று ஒவ்வொருவராக அவர் காதில் வந்து சொல்ல வேண்டும். காக்கா, ரயில், ஆட்டுக்குட்டி, தொலைவில் சுரங்கத்து மண்ணைச் சுமந்து பெல்ட் ஓடுகிற இரைச்சல் என்று பிள்ளைகள் அடுக்கும். ஒருத்தி வந்து, "எங்கப்பா கொறட்ட" என்று சொன்னபோது அம்மாள் அவளுக்கு இரண்டு பங்கு பொரிகடலை கொடுத்தார்.

வியாபாரிகளோடுதான் முதலில் தகராறு. ஐஸ்காரர் பெட்டி மூடியைத் தட்டிக்கொண்டு வருவார். அவரை அம்மாள் தெருமுனையிலேயே மறித்து நிறுத்திவிடுவார். பெரியநாயகியிடம் இந்த வித்தை பலிக்கவில்லை.

"கூவாம எப்பிடிங்க கீர விக்கறது? கையிலயா காட்டுவாங்க?"

"நீங்க இங்கனயே உக்காருங்க. நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

அன்று அந்தக் குவார்ட்டர்ஸ் அம்மாள் குடிசை குடிசையாகப் போய், வாசலில் குனிந்து, பெண்களிடம் ரகசியம் சொல்வதுபோல், "முளைக்கீரை, அரைக்கீரை, ஒரு கட்டு பொன்னாங்கண்ணி" என்று சொல்லிவிட்டு வந்தார். பெரியநாயகி சிரித்துச் சிரித்துக் கூடையிலேயே சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் மட்டும் அவர் கூவுவதில்லை.

இவ்வளவு அமைதியானவர் பிறவியிலேயே இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. போன வருஷம் தை மாதம்வரை சபையில் அவர் குரல்தான் பெரிய குரல்.

டவுன்ஷிப்பில் கிறிஸ்தவர்களுக்கு இன்னும் கோவில் கட்டவில்லை. பள்ளிக்கூட ஹால் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. திருநெல்வேலிக்காரர்கள், தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர்கள், திருச்சிக்காரர்கள் என்று பல ஊர்ச் சபைகளிலிருந்து வந்தவர்கள் ஒரே ஹாலில் உட்கார்ந்து, ஒரே பாட்டை நாலு ராகத்தில் பாடுவார்கள். ஞானாபரணத்தம்மாள் வாயைத் திறந்ததும் மற்ற மூன்று ராகமும் அடங்கி அவர் பின்னால் போகும். ஆர்மோனியம் ரிப்பேருக்குப் போய் நாலு மாதமாகியும் ஒருவரும் அதைத் தேடவில்லை.

அந்த வருஷம்தான் இளம் ஐயர் ஒருவர் புதிதாக வந்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். பெங்களூரில் படித்தவர். முதல் பிரசங்கத்திலேயே, "ஞாயித்துக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிட்டு இங்க வந்து உக்காந்துட்டுப் போறதுக்குப் பேர் சபை இல்லை. சபைக்கு உயிர் வரணும்னா அது இந்த நாலு சுவரை விட்டு வெளிய போகணும்" என்றார். தை மாதத்தில் ஒரு சுவிசேஷ வாரம் என்று முடிவானது. பெண்கள் நாலு நாலு பேராகப் பிரிந்து, திங்கள் முதல் வெள்ளி வரை, டவுன்ஷிப்புக்கு வெளியே உள்ள தெருக்களுக்குப் போக வேண்டும். போய் வந்ததும் எத்தனை வீடு, எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் மனம் திரும்பினார்கள் என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்.

முந்திரித் தோப்புக் குடிசைகள் ஞானாபரணத்தம்மாள் குழுவுக்கு விழுந்தன. அவர்களுக்கு வசதியான நேரம் காலை பத்து மணி. கணவன்மார் ஆபீஸ் போயிருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள், உலையும் வைக்க வேண்டியதில்லை. நால்வர் வீட்டு ஆண்களும் ஜெனரல் ஷிப்ட். பகல் என்றால் எல்லோரும் விழித்திருக்கும் நேரம் என்பதில் அவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

திங்கட்கிழமை கஞ்சிராவோடு தெருவில் நுழைந்தார்கள். ஐந்தாவது குடிசை வாசலில், சாக்குப் படுதாவின் நிழலில், ஓர் ஆள் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவர் பெயர் கொளஞ்சியப்பன். பக்கத்து ஊர்க்காரர். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் வேலை செய்த குடும்பம். அந்த நிலமும் சுரங்கத்துக்குப் போனபின் கான்ட்ராக்டில் சேர்ந்து, ஓடுகிற பெல்ட்டிலிருந்து சிந்தும் மண்ணை வாரிப் போடுகிற வேலை செய்துவந்தார். இதெல்லாம் அன்று அவர்களுக்குத் தெரியாது.

"பாத்தியளா," என்றார் ஞானாபரணத்தம்மாள் கூட வந்தவர்களிடம். "மணி பத்தாவுது. போட்டுட்டுக் கெடக்கான். இவனுக்காகத்தான் ஆண்டவர் நம்மள இந்தத் தெருவுக்கு அனுப்பியிருக்காரு."

தலைமாட்டில் உட்கார்ந்து பாட்டைத் தொடங்கினார்கள். மூன்றாவது அடியில் கொளஞ்சியப்பன் துண்டை விலக்கினார். கண்கள் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. அம்மாளுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"தம்பி, எந்திரி. உனக்காகத்தான் வந்திருக்கோம்."

அவர் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அம்மாள் அவர் தலைக்கு மேல் கையை நீட்டி, அந்தப் பெரிய குரலில், இந்த மகனைக் குடியின் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று அரைமணி நேரம் ஜெபம் செய்தார். நடுவில் அழுதுவிட்டார். முடிந்ததும் கேட்டார்: "இனிமே தொடமாட்டல்லா?"

கொளஞ்சியப்பன் நாலு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிங்கம்மா," என்றார்.

தாளில் மனம் திரும்பினவர்கள் என்ற கட்டத்தில் அன்றே ஒன்று என்று எழுதினார்கள். விட்டால் மறுபடி விழுந்துவிடுவான் என்று செவ்வாயும் போனார்கள். புதனும் போனார்கள். ஒவ்வொரு நாளும் ஆள் அதே இடத்தில் படுத்திருந்தார், கண்கள் நாளுக்கு நாள் கூடுதலாகச் சிவந்திருந்தன. அதனால் ஜெபம் நீண்டுகொண்டே போனது. வெள்ளிக்கிழமை ஒன்றே கால் மணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஒரு சீப்பு வாழைப்பழமும் சின்ன வேதப் புத்தகம் ஒன்றுமாக, அம்மாள் தனியாகவே போனார். வாசலில் ஒரு பெண் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சியப்பனின் மனைவி மாணிக்கம்மாள். டவுன்ஷிப்பில் வீடு கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அதனால் அந்த ஐந்து நாளும் அவரை இவர்கள் பார்த்ததில்லை.

"யாருங்க வேணும்?"

"தம்பி இல்லையா? குடிய விட்டுட்டானான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மாணிக்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். "யாரு, எங்கூட்டுக்காரரா? அவரு பொகையிலகூடப் போடமாட்டாருங்களே."

மாணிக்கம்மாள் வந்தவரின் வெள்ளைச் சேலையை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓ, பாட்டுப் பாட்ற அம்மாவா நீங்க?" மாணிக்கம்மாளின் குரல் உயரவில்லை. "ராத்திரிபூரா பெல்ட்டுக்கு அடியில மண்ணு வாரிட்டு வந்து படுக்கற மனுசன்ங்க. அஞ்சு நாளா கண்ண மூடல. ஏன்னு கேட்டா, 'குவார்ட்டர்ஸ் அம்மாங்க வந்து ஒக்காந்துகினு பாட்றாங்க, நாம எப்பிடி படுத்துகினு இருக்கறது'ன்றாரு. நீங்க எழுந்து போனா பசங்க சத்தம். அப்பறம் வெயிலு. வெள்ளிக்கெழம வேலைக்குப் போறப்ப சைக்கிள்லயே தூங்கிட்டாரு. மதகுல வுழுந்து வலது மணிக்கட்டு ஒடஞ்சி போச்சு."

கூரையில் செருகியிருந்த ஒரு கார்டை உருவி எடுத்தார். அது சுரங்கத்தில் பர்மனென்ட் வேலைக்கு நேரில் வரச் சொல்லும் கார்டு. வருகிற புதன்கிழமை போய் மண்வெட்டி பிடித்துக் காட்ட வேண்டும், மூட்டை தூக்கிக் காட்ட வேண்டும்.

"நாலு வருசமா காத்துகினு இருந்த கார்டுங்க. எங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஊர்ல எல்லாருகிட்டயும் குடுத்து நாலு தடவ படிச்சிக் கேட்டுகினோம். இனிமே எப்பக் கூப்புடுவாங்களோ."

உள்ளேயிருந்து கொளஞ்சியப்பன், "வுடு மாணிக்கம்" என்றார். கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. அம்மாளைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார்.

"நீங்க குடிக்கிறதில்லேன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டார் அம்மாள். ஒரு வாரத்தில் முதல்முறையாக அவரை நீங்கள் என்று சொன்னார்.

"நீங்க அவ்ளோ அழுது வேண்டிகினு இருந்தீங்க. குறுக்கப் பேசறது நல்லா இருக்காதேன்னு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "ஆனா நான் சொன்னது பொய்யி இல்லீங்க. குடிக்க மாட்டன்னுதான சொன்னன்."

வாழைப்பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அம்மாள் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மாணிக்கம்மாள்தான் வாங்கி உள்ளே வைத்தார். வேதப் புத்தகம் பையைவிட்டு வெளியே வரவில்லை.

அன்று மாலை பள்ளிக்கூட ஹாலில் சாட்சிக் கூட்டம். சுவிசேஷ வாரத்தில் நடந்ததை ஒவ்வொரு குழுவும் சொல்ல வேண்டும். ஐயர் தாள்களை வாசித்தார். இருபத்தாறு தெரு, நானூற்றுப் பத்து வீடு. மனம் திரும்பினவர் ஒருவர் என்று வாசித்தபோது எல்லோரும் ஞானாபரணத்தம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து முன்னால் போனார்.

"நான் குடிக்காத மனுஷனக் குடிகாரன்னு ஆண்டவர்ட்டச் சொல்லிட்டேன்," என்றார். "ஒரு நாள் இல்ல, அஞ்சு நாள் சொல்லியிருக்கேன். அவுக உறக்கத்தக் கெடுத்துச் சொல்லியிருக்கேன். கையொடிஞ்சு கெடக்காக. பர்மனென்ட் வேல போச்சு."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம், "இதப் போயி சாட்சின்னு சொல்லணுமா" என்று முணுமுணுத்தது முன்வரிசைவரை கேட்டது.

ஐயர் முகம் வாடிப்போனது. அந்தத் திட்டம் அவருடையது. எந்த நேரத்தில் போவது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அந்த ஒண்ணை அடிச்சிருவோமாம்மா?"

"அடிக்காண்டாம் ஐயா. அதுக்குப் பக்கத்துல எம்பேர எழுதுங்க."

ஐயர் பேனாவை எடுத்து எழுதினார். அந்தத் தாள் இன்றும் சபை அலமாரியில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டார். ஸ்டோர்ஸில் யாரிடமாவது சொல்லிக் கொளஞ்சியப்பனுக்கு மறுபடி கார்டு வாங்கித்தர வேண்டும் என்றார். மாசிலாமணி நல்ல மனிதர், கொஞ்சம் கேலிக்காரர். "ஏளா, நான் அங்க போல்ட்டும் நட்டும் எடுத்துக் குடுக்கவன். எனக்கு லீவு வேணும்னாலே நாலு பேர் கால்ல விழணும்" என்றார். ஆனாலும் போய் விசாரித்து வந்தார். மறுபடி கூப்பிடும்போதுதான் கூப்பிடுவார்கள், குறுக்குவழி ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

மறுநாள் காலை அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும், அம்மாள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மாணிக்கம்மாள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "இனிமே பாட்டெல்லாம் வேணாங்க," என்றார் வாசலிலேயே.

"பாடல. பிள்ளையளத் தோப்புல கொண்டுபோய் வச்சுக்கிடுதேன். அவுக உறங்கட்டும்."

"எதுக்குங்க?"

"உறங்கத்தான்."

ஒருவரும் பிள்ளையைத் தரவில்லை. பிள்ளைகளை மதம் மாற்றத்தான் இந்த அம்மாள் வருகிறார் என்று தெரு முழுக்கப் பேச்சு. மூன்று வாரம் அம்மாள் தனியாகவே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். ஐஸ்காரரை மறித்தது மட்டும்தான் அந்த மூன்று வாரத்தில் நடந்த காரியம். நாலாவது வாரம் மழை. கட்டடத்தில் வேலை இல்லாமல் மாணிக்கம்மாள் வீட்டில் இருந்தார். மழை விட்டதும் இடுப்பில் தன் மகள் ஆதிலட்சுமியோடு வந்து, மரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். பொழுது முழுக்க உட்கார்ந்து பார்த்தார். அம்மாள் ஆதிலட்சுமிக்கு முந்திரி இலையில் தொப்பி செய்து கொடுத்தார், அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் காலையில் மாணிக்கம்மாள் மகளை மரத்தடியில் இறக்கிவிட்டு, "தண்ணி மட்டும் கொதிக்க வச்சிக் குடுங்க, ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு மற்றவர்களும் தந்தார்கள்.

சபைப் பெண்களில் சிலர் இதைத் தாலாட்டு ஊழியம் என்று கேலி பேசினார்கள். "பத்து மாசமாப் போறிய. ஏசப்பாவப் பத்தி ஒரு வார்த்த சொல்லியிருக்கியளா?" என்று ஒருவர் நேராகவே கேட்டார்.

"கேட்டாச் சொல்லுதேன்," என்றார் அம்மாள். "கேக்கலேன்னா உறங்கட்டும்."

ஒரே ஒருமுறை பெரியநாயகி கேட்டார். எதற்கு இந்தம்மா இவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வருகிறார், இதில் என்ன கிடைக்கிறது என்று. அம்மாள் அவர் காதருகில் குனிந்து கால்மணி நேரம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் பெரியநாயகியிடம் விசாரித்தேன். "அது எங்களுக்குள்ள" என்று சொல்லிவிட்டார்.

கேலி பேசியவர்களில் இரண்டு பேர் இப்போது வாரத்தில் இரண்டு நாள் அம்மாளோடு வருகிறார்கள். ஹாலில் ஞாயிறு மாலை நாலு மணிக்கு இன்னோர் ஆராதனையும் நடக்கிறது. இரவு வேலை முடித்தவர்கள் உறங்கி எழுந்து வருவதற்காக ஐயர் ஏற்படுத்தியது. அப்படியும் ஒரு கிரேன் ஆபரேட்டர் பிடிவாதமாகக் காலையிலேயே வந்து, கடைசி பெஞ்சில், பிரசங்கம் தொடங்குமுன் உறங்கிவிடுகிறார். முன்பெல்லாம் அவரை விசிறிக் காம்பால் குத்துகிறவர் ஞானாபரணத்தம்மாள்தான். இப்போது அவர் தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தன் பையை மடித்து வைத்துவிட்டு வந்து பாடுகிறார். அதுவும் பழைய குரலில் இல்லை. ஆர்மோனியத்தை மறுபடி வாங்கிவர வேண்டியதாயிற்று.

கொளஞ்சியப்பனின் கை இரண்டு மாதத்தில் கூடியது. அதே கான்ட்ராக்டில் அதே பெல்ட்டுக்கு அடியில் அதே மண். வாரத்துக்கு ஒருமுறையாவது அம்மாள் அந்த மணிக்கட்டைத் திருப்பிக் காட்டச் சொல்வார். அவரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் காட்டுவார். கார்டைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

கார்த்திகையில் இரண்டாவது கார்டு வந்தது. சென்ற புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். செவ்வாய் இரவு வேலைக்குப் போகாவிட்டால் கான்ட்ராக்டில் பெயர் போய்விடும்; பர்மனென்ட் கிடைக்காமல் போனால் இரண்டும் இல்லை. அதனால் போனார். புதன் காலை வந்து கஞ்சி குடித்துப் படுத்தார்.

அம்மாள் வந்தபோது மாணிக்கம்மாள் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு மேல்தளம் போட்றாங்க. வுட்டா மேஸ்திரி வேற ஆளப் போட்டுருவாரு. நான் போயே ஆவணும்." கொஞ்சம் தயங்கினார். "நல்லாத் தூங்கணும் அவரு. தெம்பா இருந்தாத்தான் மூட்ட தூக்க முடியும். ஆனா ரெண்டு மணிக்கு எழுப்பணும். நீங்க எழுப்பறீங்களா?"

"நானா?" என்றார் அம்மாள்.

"வேற யாரு இருக்காங்க?"

அம்மாள் பெரியநாயகியின் மருமகனை ஸ்டோர்ஸுக்கு அனுப்பிக் கணவரின் கைக்கடிகாரத்தை வாங்கிவரச் செய்தார். பிள்ளைகளை அன்று கூட வந்த இரண்டு பெண்களிடம் விட்டுவிட்டு, ஐந்தாவது குடிசைக்கு எதிரே, மடியில் ஆதிலட்சுமியோடு உட்கார்ந்தார். ஆதிலட்சுமியும் கொஞ்ச நேரத்தில் அவர் தோளில் உறங்கிவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு ஒரு நாய் குரைக்கப் பார்த்தது. எழுந்து போய் அதைத் தோப்புவரை கூட்டிச்சென்று விட்டுவிட்டு வந்தார். ஒரு மணியிலிருந்து கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார், நின்றுவிட்டதோ என்று.

தேர்வின் முடிவு இதை எழுதும்வரை வரவில்லை. மூட்டையைத் தூக்கினேன், மணிக்கட்டு தாங்கியது என்று மட்டும் கொளஞ்சியப்பன் சொன்னார். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தி நடந்ததைத்தான்.

இரண்டு மணிக்கு அம்மாள் எழுந்து வாசலுக்குப் போனார். சாக்குப் படுதாவின் நிழலில், முகத்தில் துண்டோடு, கொளஞ்சியப்பன் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். "தம்பி," என்றார் அம்மாள். அது அவருக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு காலத்தில் ஹாலையே நிறைத்த அந்தக் குரலை அவரால் அந்த மனிதர்மேல் விட முடியவில்லை. தலைமாட்டுக்குப் போகப் பார்த்தார், பாதியில் நின்றார். திரும்பிக் கால்மாட்டுக்கு வந்து, ஆதிலட்சுமியைப் பாய் ஓரத்தில் கிடத்தினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழங்காலிட்டார். மண் காய்ந்து வெடித்திருந்த அந்தப் பாதங்களின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார்.

துண்டு விலகியது. கண்கள் வெளுப்பாக, தெளிவாக இருந்தன.

"மணி ரெண்டாச்சுங்க. எந்திரிங்க."

"என்னாங்கம்மா, நீங்க போயி என் கால..." கொளஞ்சியப்பன் பதறிக் கால்களை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அம்மாள் சற்று நேரம் கைகளை எடுக்கவில்லை.

இதைப் படித்த நீங்கள், உங்கள் தெருவில் பகலில் கதவு சாத்தியிருக்கும் ஏதாவது ஒரு வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.